புள்ளி விழுந்த படம்: இருட்டில் படம் எடுத்தவர்களின் கதை

2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் போன நாட்கள். வீட்டு விறாந்தையில் குப்பி விளக்குக்குப் பக்கத்தில் இருந்து அப்பம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. மண்ணெண்ணெய்க்கும் வரிசை எண்டபடியால் திரியை நல்லாக் குறைத்துத்தான் வைத்திருந்தோம். நான் என்ர பழைய போனால் ஒரு படம் எடுத்தேன். அவ நிமிர்ந்து பார்த்து, "இந்த இருட்டுக்குள்ள என்னத்தையடி எடுக்கிறாய்?" எண்டு கேட்டா.

அடுத்த வருசம் அவ இல்லை. 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க ஒரு நல்ல படம் தேடினோம். அடையாள அட்டைப் படம் ஒன்று இருந்தது. கலியாண வீட்டு அல்பங்களில் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்த முகமாக நாலைந்து இருந்தன. அவ அவவாகவே இருந்த ஒரே படம் அந்தக் குப்பி விளக்குப் படம்தான். அதை ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அண்ணா கணினியில் பெரிதாக்கிக் காட்டினார். முகம் முழுக்கச் சிவப்பும் நீலமுமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள்.

"தங்கச்சி, இருட்டுக்குள்ள எடுத்திருக்கிறியள். பெரிசாக்கினா இப்பிடித்தான் வரும். நான் துப்புரவாக்கித் தாறன், நாளைக்கு வாங்கோ."

அடுத்த நாள் படத்தில் ஒரு புள்ளியும் இல்லை. சுருக்கமும் இல்லை. நெற்றியில் இருந்த தழும்பும் இல்லை. மெழுகில் வார்த்த முகம் மாதிரி இருந்தது. மாமி கனநேரம் பார்த்துவிட்டுச் சொன்னா: "வடிவாத்தான் இருக்கு. ஆனா இது அம்மா இல்லை."

அந்தப் புள்ளிகள் எங்கேயிருந்து வந்தன என்று தேடத் தொடங்கினேன். படம் எடுக்கிறவர்கள் அதை 'நொய்ஸ்' என்கிறார்கள். என்ர போன் மலிவு எண்டபடியால் வந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்குப் பின்னால் கிட்டத்தட்ட இருநூறு வருசக் கதை ஒன்று இருக்கிறது.

பேணியும் கிடாரமும்

முதலில் விசயத்தை விளங்கிக்கொள்வோம். மழை தூறத் தொடங்கும்போது முற்றத்தில் ஒரே அளவான இரண்டு பேணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கோ. முதல் நிமிடத்தில் ஒன்றில் 9 துளி விழும், மற்றதில் 13 விழும். இரண்டுக்கும் ஒரே மழைதான், ஆனாலும் கணக்கு ஒத்துவராது. அடைமழை பெய்தால் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, இரண்டும் ஒரே மாதிரி நிரம்பும்.

ஒளியும் இப்படித்தான் துளித்துளியாக வருகிறது. ஒளியைத் துகள்களாக எண்ணிப் பார்க்கவேண்டும் என்று ஐன்ஸ்டைன் 1905இல் எழுதினார். 1918இல் வால்ட்டர் ஷொட்கி என்ற ஜேர்மன் இயற்பியலாளர், வெற்றிடக் குழாய்களில் மின்னோட்டம் சீராக ஓடாமல் தடுமாறுவதற்குக் காரணம் அது தனித்தனி எலக்ட்ரோன்களாக வருவதுதான் என்று காட்டினார். தகரத்தில் ஈயச் சன்னங்களைக் கொட்டினால் வரும் சத்தத்தை நினைத்துக்கொள்ளலாம். ஜேர்மன் மொழியில் அந்த விளைவுக்கு வைத்த பெயரிலேயே சன்னம் என்ற சொல் இருக்கிறது. கமராவில் விழும் ஒளிக்கும் அதே கணக்குத்தான். ஒரு இடத்தில் சராசரியாக 100 ஒளித்துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10 அளவில் இருக்கும், அதாவது நூற்றுக்குப் பத்து. 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது நூற்றுக்கு ஒன்றுதான். ஆகவே வெளிச்சம் குறையக் குறையப் படம் புள்ளியாவது கமராவின் பிழை மட்டும் இல்லை. ஒளியே அப்படித்தான் வருகிறது. கமராவின் மின்சுற்றும் சூடும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும், அவ்வளவுதான். 'ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் நொய்ஸ் வரும்' என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்வோம். ஐ.எஸ்.ஓ. கிடைத்ததைப் பெருக்கிக் காட்டுகிறது. தட்டுப்பாடு அதற்கு முன்னமே இருந்தது.

சென்சரின் அளவு இங்கேதான் வருகிறது. பேணியை எடுத்துவிட்டுக் கிடாரத்தை வைத்தால், அதே தூறலில் அதே நிமிடத்தில் எவ்வளவோ கூடத் தண்ணீர் சேரும். 'புல் பிரேம்' என்று சொல்லப்படும் கமராச் சென்சர் 36 மி.மீ. நீளம், 24 மி.மீ. அகலம், மொத்தம் 864 சதுர மி.மீ. என்ர பழைய போன் மாதிரியான ஒன்றுக்குள் இருக்கும் சென்சர் ஏறக்குறைய 4.8க்கு 3.6, வெறும் 17 சதுர மி.மீ. லென்ஸின் எஃப் எண்ணும் ஷட்டர் திறந்திருக்கும் நேரமும் ஒன்றாக இருந்தால், பெரியதில் 50 மடங்கு ஒளி சேரும். முழுப் படமாகப் பார்க்கும்போது அதன் தெளிவு ஏழு மடங்கு கூட.

இருட்டில் படம் எடுக்க நாலு வழிதான் உண்டு: பாத்திரத்தைப் பெரிதாக்கலாம், கனநேரம் வைத்திருக்கலாம், வாயை அகலத் திறக்கலாம், அல்லது மழையை நாங்களே கொண்டுவரலாம். வரலாறு முழுக்க ஆட்கள் இந்த நாலையும்தான் மாற்றி மாற்றிச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை இருந்தது.

பெரிய கண்ணாடி, நீண்ட நேரம்

தொடக்க காலத்தில் பகல்கூட இருட்டுத்தான். 1838இல் டாகேர் பரிஸின் ஒரு வீதியைத் தன் ஜன்னலில் இருந்து எடுத்த படம் பிரபலமானது. ஆட்களும் குதிரை வண்டிகளும் போய்வந்த வீதி அது. ஆனால் படத்தில் வீதி வெறுமையாகக் கிடக்கிறது, ஏனென்றால் நிமிடக் கணக்கில் ஒளி சேர்க்க வேண்டியிருந்தது. அசைந்த எல்லோரும் மறைந்துபோனார்கள். சப்பாத்து மினுக்கக் காலை நீட்டிக்கொண்டு நின்ற ஒருவரும், மினுக்கியவரும் மட்டும் தங்கினார்கள்.

அந்தக் காலத்தில் பெரிய பாத்திரம் வைத்திருந்தவர்களில் ஒருவர் ஜூலியா மார்கரெட் கமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48ஆவது வயதில்தான் கமரா கையில் கிடைத்தது. 1866இல் இருந்து 15க்கு 12 அங்குலக் கண்ணாடித் தட்டுகளைப் பாவித்தார். இன்றைய புல் பிரேம் சென்சரைவிட அது 130 மடங்குக்கும் கூடப் பெரிது. அதைப் பெரிதாக்கி அச்சிடத் தேவையே இல்லை. தட்டைத் தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினால் தட்டின் அளவிலேயே படம் வந்துவிடும். பெரிதாக்காத படத்தில் பொடி தெரியாது. ஆனால் அவருக்கு முன்னால் இருந்தவர்கள் நிமிடக் கணக்கில் ஆடாமல் அசையாமல் இருக்கவேண்டும்.

கமரன் 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் இங்கேயே இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. இங்கே அவர் எடுத்தவற்றில் எஞ்சியவை கொஞ்சம்தான். அவற்றில் தோட்டத் தொழிலாளர்களும் கிராமத்து ஆட்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசனுக்கும் டார்வினுக்கும் பெயர் இருக்கிறது. இங்கே எடுத்தவர்களில் பெரும்பாலானோர் பெயரில்லாமல் நிற்கிறார்கள். இன்னொரு விசயமும் உண்டு. அந்தக் காலத்து ஈரக் கொலோடியன் தட்டு நீல ஒளிக்கு மட்டும்தான் நல்லாக் கூசும். சிவப்பும் மண்ணிறமும் அதற்குக் கறுப்பு மாதிரி. எங்கட தோலில் பட்டுத் திரும்பும் ஒளியில் பெரும்பகுதி அந்தத் தட்டுக்குத் தெரியவே தெரியாது. இதை இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கோ.

வெடிமருந்தும் தொப்பியும்

நாலாவது வழி, மழையை நாங்களே கொண்டுவருவது. 1887இல் ஜேர்மனியில் மீத்தே, கேடிக்கே என்ற இருவர் மக்னீசியம் கலந்த வெடிப்பொடியை அறிமுகப்படுத்தினார்கள். கொளுத்தினால் கண்ணைப் பறிக்கும் ஒரு வெளிச்சம், பிறகு வெள்ளைப் புகை. அடுத்த வருசமே நியூயோர்க்கில் ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர் அந்தப் பொடியோடு ஏழைகளின் குடியிருப்புகளுக்குள் இரவில் புகுந்தார். 1890இல் வந்த அவருடைய புத்தகம், நகரத்தின் மற்றப் பாதி எப்படி வாழ்கிறது என்பதைப் பணக்காரருக்குக் காட்டியது. வீட்டுச் சட்டங்களை மாற்றுவதற்கும் அது உதவியது. ஆனால் அந்தப் படங்களில் இருக்கும் ஆட்களின் கண்களைப் பாருங்கோ: நித்திரையால் எழும்பின, வெளிச்சத்தில் மிரண்ட கண்கள். இருட்டில் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது அதில் இல்லை. பொடி வெடித்தபோது எப்படி இருந்தார்கள் என்பதுதான் இருக்கிறது. சில வேளைகளில் வீட்டிலேயே தீப்பிடித்தது என்று ரீஸே எழுதியிருக்கிறார்.

வெளிச்சம் போடாமல், கிடைக்கிற வெளிச்சத்தில் எடுக்க 1924 வரைக்கும் பொறுக்க வேண்டியிருந்தது. அந்த வருசம் டிரெஸ்டனில் இருந்த ஏர்னெமான் நிறுவனம் எர்மனொக்ஸ் என்ற சின்னக் கமராவை விற்பனைக்கு விட்டது. லூட்விக் பேர்ட்டெலே என்ற இளைஞர் வடிவமைத்த அதன் லென்ஸ், உடம்பைவிடப் பெரிதாகத் தெரியும். எஃப் 2, பிறகு எஃப் 1.8. பாத்திரம் சின்னதாக, 4.5க்கு 6 சென்ரிமீற்றர்த் தட்டாகத்தான் இருந்தது. ஆனால் வாய் அகலம்.

அதைக் கையில் எடுத்தவர் சட்டம் படித்த பெர்லின்காரர் எரிக் சாலமொன். 1928இல், படம் எடுக்கத் தடை இருந்த ஒரு நீதிமன்றத்துக்குள் தொப்பியில் துளை போட்டு அதற்குள் கமராவை ஒளித்துக் கொண்டுபோனார். 1930இல் ஹேக் நகரில் ஜேர்மனியின் போர் இழப்பீடு பற்றிய மாநாட்டில், நள்ளிரவும் கடந்து களைத்துப்போய்க் கதிரைகளில் சரிந்திருந்த அமைச்சர்களை எடுத்தார். அதுவரைக்கும் அரசியல்வாதி என்றால் நெஞ்சை நிமிர்த்திக் கமராவைப் பார்த்து நிற்கிறவர்தான். அவர்கள் கொட்டாவி விடுவதை, குனிந்து குசுகுசுப்பதை, களைப்பதை மக்கள் முதன்முறையாகப் பார்த்தார்கள். படங்களில் பொடியும் மங்கலும் இருக்கின்றன. அந்த மங்கல்தான் 'யாரும் வெளிச்சம் போடவில்லை' என்பதற்குச் சாட்சி. சாலமொன் யூதர். ஹிட்லர் வந்தபின் நெதர்லாந்தில் அடைக்கலம் தேடினார். பிறகு பிடிபட்டு, 1944 ஜூலையில் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார்.

24க்கு 36

இன்றைக்கும் கமராக் கடையில் பெரிய மரியாதையோடு சொல்லப்படும் 'புல் பிரேம்' அளவு எங்கிருந்து வந்தது? விஞ்ஞானிகள் கூடியிருந்து தீர்மானித்தது இல்லை. எடிசனின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த டிக்சன், சினிமாவுக்காகக் கொடக் பிலிமை 35 மி.மீ. அகலத்துக்குக் கொண்டுவந்தார். ஓரத்தில் துளைகள் போனபிறகு படத்துக்கு மிஞ்சியது 24 மி.மீ. ஜேர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் இருந்த ஒஸ்கார் பார்னாக் ஒரு ஆஸ்துமா நோயாளி. பாரமான தட்டுக் கமராவைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி அவரால் முடியவில்லை. 1913, 14 அளவில் அவர் சினிமா பிலிமைக் கிடையாக ஓடவிட்டு, 18க்கு 24 என்ற சினிமாச் சட்டத்தை இரட்டிப்பாக்கி 24க்கு 36 ஆக்கினார். 1925இல் லைப்சிக் சந்தையில் அது 'லைக்கா' என்ற பெயரில் வந்தது. ஒரு மனிதரின் மூச்சு முட்டலும், சினிமாக்காரர் வெட்டின பிலிமின் அகலமும் சேர்ந்துதான் நாங்கள் இன்றைக்கு 'முழு' என்று சொல்லும் அளவைத் தந்தன.

இது பெரிய துணிச்சல். தட்டில் இருந்து நேரே அச்சிட்டது போய், தபால் முத்திரை அளவுப் படத்தைப் பலமடங்கு பெரிதாக்க வேண்டி வந்தது. பெரிதாக்கினால் பொடி தெரியும். பிலிமில் இருந்தது வெள்ளி உப்பின் மணிகள். மணி பெரிதானால் ஒளியைச் சீக்கிரம் பிடிக்கும், ஆனால் படத்தில் கரகரவென்று தெரியும். மணி சின்னதானால் படம் வழுவழு, ஆனால் நிறைய வெளிச்சம் கேட்கும். பேணிக்கணக்குத்தான் இங்கேயும். 1954இல் கொடக் தன் வேகமான ட்ரை-எக்ஸ் பிலிமை 35 மி.மீ. சுருளாகவும் விடத் தொடங்கியது. இரவு விடுதிகள், போராட்டங்கள், போர்கள் என்று அந்த நூற்றாண்டின் எத்தனையோ இருட்டுகளை நாங்கள் அந்தக் கரகரப்போடுதான் நினைவு வைத்திருக்கிறோம்.

யாருடைய முகம்?

கமரனின் தட்டைப் பற்றிச் சொன்னதை இப்போது திரும்ப எடுப்போம். கறுத்தத் தோல் குறைந்த ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். அறையே இருட்டு என்றால், அந்த முகத்தில் இருந்து கமராவுக்கு வரும் துளிகள் இன்னும் குறைவு. ஆகவே ஒரே அறையில் ஒரே விளக்கில் வெள்ளையர் முகம் தெளிவாக வரும்போது, பக்கத்தில் இருக்கிறவரின் முகம் புள்ளியாகும், அல்லது கறுப்புக்குள் மூழ்கும். இதுவரைக்கும் இயற்பியல். அதற்கு மேலே நடந்தது மனிதர் செய்தது.

வர்ண பிலிம் வந்தபோது, நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுகூடங்களுக்குக் கொடக் ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைப் பெண். முதலில் படத்துக்கு இருந்த ஊழியரின் பெயரை வைத்து அவை 'ஷேர்லி அட்டை' என்று அழைக்கப்பட்டன. அவவின் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கனேடிய ஆய்வாளர் லோர்னா ரோத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர் கண்டுபிடித்ததில் என்னை உறுத்தியது இது: மண்ணிறச் சாயல்களை நல்லாக் காட்டும்படி பிலிமைத் திருத்தவேண்டும் என்று கொடக்குக்கு நெருக்குதல் கொடுத்தவர்களில் சொக்லேட் கம்பனிகளும் தளபாடக் கம்பனிகளும் இருந்தன. கறுத்த சொக்லேட்டுக்கும் இளம் சொக்லேட்டுக்கும், ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்பது அவர்களின் முறைப்பாடு. மனிதரின் முகத்துக்காக இல்லை, அலுமாரிக்காக.

மற்றப் பக்கத்தில் றோய் டிகராவா இருந்தார். நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் படக்கலைஞர். 1952இல் குக்கன்ஹைம் நல்கை பெற்று, தன் அயலவரை அவர்களின் வீடுகளிலும், மாடிப்படிகளிலும், ஜாஸ் இசைக்கூடங்களிலும் எடுத்தார். பிளாஷ் போடுவதை அவர் விரும்பவில்லை. கறுப்பை வெளிறவைத்து 'சரி'யாக்கவும் இல்லை. அச்சிடும்போது ஆழமான சாம்பலுக்கும் கறுப்புக்கும் இடையில் முகங்களை மெதுமெதுவாகத் தெரியவைத்தார். சில படங்களைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் உள்ளே ஆள் இருப்பதே தெரியும். எங்கட வீட்டு விறாந்தை இருட்டில் கண் பழகுவது மாதிரி. அவரின் படங்களைப் பார்த்தபிறகுதான், துப்புரவாக்கின அப்பம்மாவின் படம் ஏன் என்னைக் கரைச்சல்படுத்தியது என்று விளங்கியது. அதில் அவவின் நிறமும் ஒரு மடங்கு வெளிறியிருந்தது.

பிலிம் போய்ச் சிலிக்கன்

1969 ஒக்ரோபரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயிலும் ஜோர்ஜ் ஸ்மித்தும் 'சி.சி.டி.' என்ற சில்லுக்கான யோசனையை வரைந்தார்கள். 40 வருசம் கழித்து, 2009இல், அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. 1975இல் கொடக்கின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் அப்படி ஒரு சில்லை வைத்து ஒரு கமராவைப் பொருத்தினார். 100க்கு 100 பிக்சல், ஒரு படத்தைக் கசற்றில் பதிய 23 செக்கன்.

சென்சர் யுகத்தில் அளவு என்பது நேரடியாகக் காசு. ஒரு வட்டத் தட்டில் இருந்து பல சென்சர்களை வெட்டி எடுக்கிறார்கள். பெரிதாக வெட்டினால் எண்ணிக்கை குறையும். எங்காவது ஒரு குறை இருந்தால் பெரிய துண்டு முழுவதும் வீண். அதனால்தான் 1999இல் வந்த நிக்கோன் டி1 பார்னாக்கின் சட்டத்தில் பாதிக்கும் குறைந்த பரப்போடு வந்தது. 2002இல் கனன் புல் பிரேம் கமரா ஒன்றை விட்டபோது விலை 8000 டொலருக்குக் கிட்ட.

சின்னக் கமராக்களின் பெட்டியில் எழுதியிருக்கும் அளவுகளும் ஒரு வரலாற்று ஏமாற்றுத்தான். 'ஒரு அங்குலச் சென்சர்' என்பதில் எங்கேயும் ஒரு அங்குலம் இல்லை. அது 13.2க்கு 8.8 மி.மீ., மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மி.மீ.தான் வரும். பழைய தொலைக்காட்சிக் கமராக்களில் கண்ணாடிக் குழாய் இருந்தது. குழாயின் வெளி விட்டம் ஒரு அங்குலம் என்றால் உள்ளே படம் விழும் இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். குழாய் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. வாங்குகிறவருக்கு இது விளங்காது. விளங்குவது மெகாபிக்சல் எண்தான். ஆகவே 2000களில் கடைகள் அந்த எண்ணையே கூவி விற்றன. நக அளவுச் சென்சருக்குள் 10, 12, 14 மெகாபிக்சல் என்று திணித்தார்கள். பேணியைப் பெரிதாக்காமல் உள்ளே தடுப்புகளை மட்டும் கூட்டின மாதிரி.

முதலில் திரும்பியவர்களும் தயாரிப்பாளர்கள்தான். 2007இல் நிக்கோன் டி3 வந்தது: புல் பிரேம், ஆனால் 12 மெகாபிக்சல்தான். அதே நேரம் போட்டிக்காரரின் கமராவில் 21 இருந்தது. டி3இன் ஐ.எஸ்.ஓ. 25,600 வரைக்கும் போனது. இரவு விளையாட்டும் மங்கல் மண்டபமும் எடுக்கிறவர்களுக்கு அது புது உலகம். கனன் தன் கைக்கடக்கமான ஜி10இல் 14.7 மெகாபிக்சல் வைத்துவிட்டு, அடுத்த வருசம், 2009இல், ஜி11ஐ 10 மெகாபிக்சலோடு விட்டது. கூடக் குறைத்து விற்றது அந்தக் காலத்தில் அபூர்வம். அதே வருசம் சொனி சென்சரையே கவிழ்த்துப் போட்டது. அதுவரைக்கும் ஒளி, உலோக வயர்களின் காட்டைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். பின்பக்கத்தால் ஒளியை விட்டால் வயர் மறைக்காது. போன் கமராக்கள் இரவில் ஓரளவு பார்க்கத் தொடங்கியதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

போனுக்குள் ஒளிந்திருக்கும் நேரம்

ஆனாலும் போனின் தடிப்புக்குள் பெரிய சென்சரையும் அதற்கேற்ற லென்ஸையும் வைக்கேலாது. மிச்சம் இருந்த வழி, கனநேரம் வைத்திருப்பது. கை ஆடும் என்பதால் ஒரே முறையில் கனநேரம் திறக்கவும் ஏலாது. பதில் வானியலாளரிடம் ஏற்கெனவே இருந்தது. 1995 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கி, வானத்தில் வெறுமையாகத் தெரிந்த ஒரு துண்டைப் பத்து நாளாகப் பார்த்து 342 படங்களை எடுத்தது. ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்தபோது அந்த வெறுமைக்குள் ஆயிரக்கணக்கான பால்வீதிகள் வந்து நின்றன. புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் விழும், உண்மையான பொருள் அதே இடத்தில் நிற்கும். சேர்த்துச் சராசரி எடுத்தால் புள்ளி அடங்கும், பொருள் தங்கும். 2018இல் கூகிள் தன் பிக்சல் போன்களுக்குக் கொடுத்த இரவுப் படமுறையும் இதைத்தான் செய்தது. நீங்கள் ஒரு படம் என்று நினைக்கும்போது போன் 15 படம் வரைக்கும் எடுத்து, கை ஆடியதைச் சரிக்கட்டி அடுக்குகிறது. ஒருவகையில் கமரனின் நிமிடங்கள்தான் திரும்பி வந்திருக்கின்றன, துண்டு துண்டாக.

இது நேர்மையான வழி, ஏனென்றால் உண்மையாக வந்த ஒளியைத்தான் கூட்டுகிறது. இதற்கு அடுத்த படிதான் வில்லங்கம். புள்ளியையும் நுணுக்கத்தையும் பிரித்து அறிய மென்பொருளால் எப்போதும் முடியாது. சந்தேகம் வந்தால் இரண்டையும் சேர்த்து வழித்துவிடும். சுருக்கமும் புள்ளி மாதிரித்தான் அதற்கு. இன்னும் கெட்டித்தனமான மென்பொருள், இல்லாததை ஊகித்து எழுதும். 2023இல் ஒருவர், நிலாப் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் போட்டு, அதைச் சம்சுங் போனால் எடுத்துக் காட்டினார். திரையில் இல்லாத பள்ளங்கள் போன் தந்த படத்தில் இருந்தன. நிலா எல்லோருக்கும் ஒன்றுதான், பரவாயில்லை என்று சொல்லலாம். முகம் அப்படி இல்லையே. எந்த முகங்களைப் பார்த்து அந்த மென்பொருள் பழகியது என்பது ஷேர்லி அட்டைக் கேள்விதான். 2021இல் கூகிளே கறுத்தத் தோல்களைச் சரியாகக் காட்டுவதற்கென்று தனித் திட்டம் ஒன்றை அறிவிக்க வேண்டியிருந்தது என்றால், அதுவரைக்கும் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசியுங்கோ.

கல்வெட்டு

கடைசியில் நான் ஸ்டூடியோவுக்குத் திரும்பிப் போனேன். இந்தத் தேடலில் இரண்டு விசயம் கையில் இருந்தன. ஒன்று, அந்த நீலப் புள்ளிகளின் காரணம். குப்பி விளக்கின் வெளிச்சம் மஞ்சளும் சிவப்பும்தான், நீலம் மிகக் கொஞ்சம். நிறத்தைச் சமப்படுத்தப் போன் அந்தக் கொஞ்ச நீலத்தைப் பெருக்கியிருக்கிறது, பெருக்கும்போது தடுமாற்றமும் சேர்ந்து பெருகியிருக்கிறது. கறுப்பு வெள்ளை ஆக்கி, நீலத்தைக் குறைத்து எடுத்தால் பாதிப் புள்ளி அடங்கிவிடும். மற்றது கமரனிடம் கற்றது: பெரிதாக்காதே.

"அண்ணா, பழைய படத்தையே போடுங்கோ. கறுப்பு வெள்ளையில, நீலத்தைக் குறைச்சு. அட்டை முழுக்க வேண்டாம், நடுவில சின்னனா, ரெண்டரை அங்குலம் போதும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சுத்தி வெறுமையாக் கிடக்குமே?"

"கிடக்கட்டும்."

கல்வெட்டு வந்தபோது அட்டையில் ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய படம். உற்றுப் பார்த்தால் பொடி தெரியும், ஆனால் கண்ணை உறுத்தாது. இடது கன்னத்தில் விளக்கின் வெளிச்சம், மற்றப் பக்கம் இருட்டு. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தா. பிறகு விரலை நெற்றியில் வைத்து, பக்கத்தில் இருந்த தன்ர பேரனுக்குக் காட்டினா.

"இந்தா பார், இது அவ சின்னனில கிணத்தடியில விழுந்து வந்த காயம்."